பதின்மூன்றரைச் சோகி

எட்டாம் ஆண்டில் நம் வகுப்பில் என்னைவிட வேகமாகக் கணக்குச் செய்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இருந்ததாக எனக்கு நினைவில்லை. ரீச்சர் கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடை என் வாயில் வந்து நிற்கும். சல்லிக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, உப்புக்காற்றில் விறைத்த வெள்ளைச் சட்டையோடு முன்வாங்கில் உட்கார்ந்தவள் என்று சொன்னால் உங்களுக்கு என் முகம் நினைவுக்கு வரும்.

ஒன்றுகூடல் மலருக்கு நீயும் எழுது என்று கேட்டீர்கள். கணக்கில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். குழுவில் எல்லோரும் சிரிக்கிற முகங்களைப் போட்டீர்கள். நாம் முப்பதைத் தாண்டிவிட்டோம். முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கிவிட்டோம். இனியும் இதை வைத்திருந்தால் எனக்குள்ளேயே உளுத்துப்போகும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா ஒரு நாளும் போகவில்லை. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதுவும் படம் வரைவதுபோல. எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் வந்தாலும், கடலுக்குப் போகும் பாஸ் படிவம் வந்தாலும், என்னிடம்தான் கொண்டு வருவார்கள். பத்து வயதிலேயே எனக்குக் கதிரை போட்டுவிட்டுத் தாங்கள் மணலில் இருந்தார்கள். அந்தக் கதிரையில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அந்த வருஷம் கச்சான் காற்று அடித்த மாதங்களில் யுத்தம் காரணமாகக் கடற்படையினர் கடலுக்குப் பாஸ் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மற்ற ஆண்கள் சீட்டாடினார்கள், சண்டை பிடித்தார்கள். அப்பா அம்பிளிபயர் செய்தார்.

அப்பாவுக்கு அந்த வேலை யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. வள்ளத்து ரேடியோ பழுதானால் கழற்றிப் பார்ப்பார். பிறகு ஊரில் உள்ள எல்லா ரேடியோக்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. பகுதிகளின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. ஒன்றை ‘சிவப்பு வரியன்’ என்பார், இன்னொன்றை ‘தகரக் குட்டி’ என்பார். ஆனால் எது எரிந்திருக்கிறது என்று மணந்து பார்த்தே சொல்லிவிடுவார். அப்படித்தான் பைலட் ஐயா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினார்.

பைலட் ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவந்து கட்டியவர். ஓய்வு பெற்றபின் உட்துறைமுக வீதியில், தண்ணீர் தெரிகிற வீட்டில் இருந்தார். அவருடைய பேத்தி நம் வகுப்பில்தான் இருந்தாள். இதைப் படிக்கிற உங்களில் அவளும் ஒருத்தி.

அவரிடம் ஒரு வால்வ் அம்பிளிபயர் இருந்தது. ஏதோ கப்பலின் தலைமை அதிகாரி கொடுத்துவிட்டுப் போனது. கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே வால்வ் என்கிற நாலு கண்ணாடிக் குழாய்கள். சுவிச்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது. ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் இழைகள் மெல்லச் சிவந்து, பிறகு தணலின் நிறத்துக்கு வரும். சூடான கண்ணாடியில் தூசி கருகுகிற மணம் அறையில் பரவும். அதற்குப் பிறகுதான் இசைத்தட்டில் ஊசியை வைப்பார். அந்த ஐந்து நிமிஷமும் யாரும் கதைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

ஞாயிறு பின்னேரங்களில் கேட்க வருகிறவர்களில் தவறாமல் வந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் துணிக்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர். அவரிடமும் வீட்டில் ஒரு வால்வ் அம்பிளிபயர் இருந்தது. அது தன்னுடையதைப் போல இல்லை என்று பைலட் ஐயாவும், அதைவிட நல்லது என்று நானாவும் வருஷக்கணக்காக வாதாடினார்கள். பேத்தியோடு படிப்பவள் என்பதால் நானும் போவேன். எனக்குக் கதிரையும் கேக்கும் கிடைக்கும். அப்பா கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார். சாரத்தில் மீன் மணக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேக்கைக் கடிக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு பைலட் ஐயா மூன்று விதமான வால்வ்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போடுவதாகச் சொல்லி, அதே பாட்டை மூன்று தடவை வைத்தார். வால்வ்கள் தெரியாமல் முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்.

“மூணாவதுதான் வால்வ்,” என்றார் நானா. “மத்த ரெண்டும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி. மூணாவதில பால் கலந்திரிக்கி.”

“அப்ப ரெண்டாவது?”

“அதச் செல்லாதீங்க. அதக் கேட்டு எனக்குப் பல்லுக் கூசுது.”

கதவடியிலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார். “ரெண்டாந்தரமும் மூண்டாந்தரமும் ஒண்டுதான் ஐயா. நீங்கள் மாத்தேல்லை.”

பைலட் ஐயா விரிப்பை விலக்கினார். மாற்றவில்லைத்தான். நானா தன் தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டு, “தம்பி, நீங்க நம்மட கடைப்பக்கம் வந்திராதீங்க, நான் விக்கிற பருத்தியெல்லாம் பொலியெஸ்டர் எண்டு செல்லிப்போடுவீங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் பைலட் ஐயா அந்தப் பேச்சை எடுத்தார்.

“நீர் ஒண்டு கட்டினால் என்ன?”

“எது ஐயா?”

“இப்பிடி ஒண்டு. என்னட்டைப் பழைய கப்பல் செட்டுகளில கழட்டின வால்வ் கிடக்கு. கட்டிக் கொண்டுவாரும். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கேப்பம். இதுக்குக் கிட்டவாவது நிண்டுதெண்டால் என்ர முன்னறை சும்மாதான் கிடக்கு, மேசையைப் போட்டு ரேடியோ திருத்துற கடை வையும். இனிக் கடலுக்குப் போகத் தேவையில்லை.”

முன்னறை வீதியைப் பார்த்தது. பெரிய ஜன்னல். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அப்பா, “ஜன்னலடியில மேசையைப் போட்டால் பகலில லைற் தேவையில்லை, என்ன பிள்ளை?” என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்குக் கடலில் பயம் இருந்தது என்று அம்மா பிறகு ஒரு நாள் சொன்னார். எங்கள் ஆட்களில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கப்பல் சமையலறையில் பாவித்த அலுமினியத் தட்டு ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதைக் கவிழ்த்துத் துளை போட்டு வால்வ்களை நட்டார். எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. வால்விலிருந்து வரும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டிரான்ஸ்போமர். கிடைத்தது எரிந்துபோன ஒன்று. அதன் கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, எத்தனை சுற்று என்று எண்ணி, புதிய கம்பியில் அதே அளவு திரும்பச் சுற்ற வேண்டும். சுற்று இரண்டு பாதியாக இருக்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். காவுதடியில் இரண்டு பக்கமும் மீன்கூடை தொங்குவது போல. ஒரு பக்கம் குறைந்தால் தோள் வாங்காது.

புதிய கம்பியை நானா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாட்களில் கம்பிச் சுருளோடு சோதனைச் சாவடி தாண்டுவது விளையாட்டில்லை. சேலை மடிப்புகளுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். “இதோட முடிஞ்சிது தம்பி. இன்னொரு தரம் கேட்டா, நான் உள்ளுக்கு இரிப்பன், நீங்கதான் சோத்துப் பார்சல் கொண்டு வரணும்,” என்றார்.

அப்பா எண்ணுகிற விதம் இதுதான். வலைக்கண் எண்ணுவதுபோல வாய்க்குள் இருபது இருபதாக எண்ணுவார். ஐந்து இருபது ஆனதும் ஒரு சோகி, கடற்கரையில் பொறுக்கிய சோழி. வலது கை சுழற்றும், இடது கை கம்பியைப் பிடித்திருக்கும். அதனால் மணலில் குவித்து வைத்த சோகிகளில் ஒன்றைக் காற்பெருவிரலால் மற்றப் பக்கம் தள்ளுவார். பாதிச் சோகி என்றால் ஓர் உடைந்த சோகி. எரிந்த டிரான்ஸ்போமரின் ஒரு பாதி பதின்மூன்று சோகியும் உடைந்த சோகி ஒன்றும். மற்றப் பாதியும் அப்படியே. ஆயிரத்து முந்நூற்றைம்பது சுற்று.

புதிய கம்பியில் முதற்பாதியை அப்படித்தான் சுற்றி முடித்தார். அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். பின்பக்கக் கொட்டிலில், சைக்கிள் பெடலைப் பூட்டிச் செய்த சுற்றுப்பொறியின் முன்னால் அப்பா இருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் ஒரு தகரத்தில் முட்டி ‘டக்’ என்றது. பெருவிரல் சோகியைத் தள்ளியது.

“காலாலயோ எண்ணுறீங்கள்?”

“கை ரெண்டும் கம்பியில. கால் சும்மாதானே இருக்கு.”

“கணக்கைக் காலால தொடக் கூடாது. சரஸ்வதிக்கு அடுக்காது. ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?”

“ஆர் வரப்போகினம் இஞ்ச?”

நான் சோகிகளை இரண்டு கையாலும் அள்ளி வேலிக்கு வெளியே எறிந்தேன். என் கணக்குக் கொப்பியை எடுத்து வந்தேன். நான் எண்ணுகிறேன், நூறு சுற்றுக்கு ஒரு கோடு போடுகிறேன், பதின்மூன்றரை வந்ததும் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். அப்பா கொப்பியைப் பார்த்தார். அதில் எங்கள் பாடசாலை முத்திரை இருந்தது. “அது நல்லம்,” என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை நான் மறக்கவில்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, பௌர்ணமி விடுமுறை, பாடசாலை இல்லை. இரண்டாம் பாதியைத் தொடங்கினோம். நான் எண்ணினேன். சோகி இல்லாமலே அப்பாவின் பெருவிரல் மணலில் அசைந்துகொண்டிருந்தது. “பழக்கம் போகேல்லை பாருங்கோ,” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். நாலு கோடு போட்டபோது வேலிப் படலையடியில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது.

பைலட் ஐயாவின் பேத்தி. வீட்டாரோடு அம்மன் கோயிலுக்கு வந்தவள், வழி விசாரித்துக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். மஞ்சள் பட்டுச் சட்டை. அவள் உள்ளே வந்தால் கொட்டிலைப் பார்ப்பாள். மேற்சட்டை இல்லாமல், மடித்துக் கட்டிய சாரத்தோடு, மணலில் கால்விரலை ஆட்டிக்கொண்டு இருக்கிற அப்பாவைப் பார்ப்பாள். அவளுடைய வீட்டிலே கதவு நிலையில் நின்றவரை அவள் பார்த்திருக்கிறாள்தான். ஆனால் அங்கே அவர் சேர்ட் போட்டிருப்பார்.

“நீங்கள் சுத்துங்கோ,” என்றேன் அப்பாவிடம். “நிப்பாட்டாதேங்கோ. வேலியடியில நிண்டு சத்தத்தை வைச்சு எண்ணுறன். எனக்குக் கேக்கும்.”

“ஏலுமே பிள்ளை?”

“ஏலும்.”

படலையடியில் அவள் காதைச் சாய்த்து, “அது என்ன டக் டக் எண்டு?” என்று கேட்டாள்.

“பக்கத்து வீட்டில மா இடிக்கினம்.”

“அப்பா?”

“வெளியில போயிட்டார். வா, வள்ளம் காட்டுறன்.”

அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கவிழ்ந்து கிடந்த வள்ளங்களைக் காட்டினேன். ஒன்றின் மேல் ஏறி இருந்து புளியங்காய் தின்றோம். ஆங்கிலப் பாடத்தில் அவளுக்குத் தெரியாத இரண்டு சொல்லை விளங்கப்படுத்தினேன். மிக நல்ல நேரம் அது. சொல்லத்தான் வேண்டும். பெடலின் சத்தம் அங்கே கேட்காது, அலைதான் கேட்கும்.

திரும்பி வந்தபோது அப்பா சுற்றிக்கொண்டே இருந்தார்.

“எத்தினை, பிள்ளை?”

ஒரு கணமும் தயங்கவில்லை. அதுதான் என் கெட்டித்தனம். நிமிஷத்துக்கு இருபது சுற்று என்று முன்பே கவனித்திருந்தேன். போய் வந்தது அரை மணித்தியாலம். அறுநூறு. நாலும் ஆறும். “பத்து,” என்று சொல்லி, நடந்து வரும்போதே மனதில் போட்ட ஆறு கோடுகளைக் கொப்பியில் இறக்கினேன். கம்பி ஓர் அடுக்கு நிறைந்ததும் கடதாசி வைக்க அவர் நிறுத்துவார், கடதாசியை வெட்டுவார், ஒட்டுவார், பிறகுதான் அடுத்த அடுக்கு. அந்த நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அப்பாவின் கை நின்றது. தன் காலைப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார்.

“பத்தோ?”

“ஓம். இஞ்ச பாருங்கோ, எழுதியிருக்கிறன்.”

மீண்டும் சுற்றத் தொடங்கினார். பதின்மூன்றரையில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

ஒப்பிட்ட ஞாயிறு நல்ல வெயில். பைலட் ஐயா வீட்டு மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கறுப்புப் பெட்டியும் கவிழ்த்த தட்டும். ஒரே சோடி ஸ்பீக்கர். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற அப்பாவே ஒரு சுவிச் செய்திருந்தார். அம்மா தோய்த்து மடித்துக் கொடுத்த சேர்ட்டைப் போட்டிருந்தார். அன்று முதன்முறையாக அவரைக் கதிரையில் இருக்க வைத்தார்கள். விளிம்பில்தான் இருந்தார்.

“ரெண்டு கப்பலையும் ஒரே தண்ணி மட்டத்தில நிப்பாட்டிப்போட்டுத்தான் எது உயரமெண்டு பாக்கலாம்,” என்றார் பைலட் ஐயா. சத்தம் கொஞ்சம் கூடினது எதுவோ அதுதான் நல்லது என்று காது பொய் சொல்லும். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். அப்பா ஒரு ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, அந்த இரைச்சலை இரண்டிலும் மாறி மாறிக் கேட்டுத் திருகினார். சுவிச்சை மாற்றினால் மாற்றினது தெரியாதவரைக்கும் திருகினார். பைலட் ஐயா நாடியைத் தடவினார். இந்த யோசனை அவருக்கு வந்திருக்கவில்லை.

விரிப்பைக் கட்டினார்கள். ஐந்து நிமிஷம் யாரும் கதைக்கவில்லை. பேத்தியும் நானும் ஒரே கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். கொப்பி என் மடியில் இருந்தது. ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். வென்றால் காட்டுவதற்குத்தான்.

முதலில் ஒரு பெண் குரல், பழைய பாட்டு. ஒன்று. பிறகு இரண்டு. திரும்ப ஒன்று.

நானா கண்ணை மூடியிருந்தார். “ஒண்டில இவ பக்கத்து வளவுக்குள்ள நிண்டு பாட்டுப் படிக்கிறா,” என்றார் மெதுவாக. “ரெண்டில, இந்தா, இதில இரிக்கிறா. மூச்செடுக்கிறது கேக்குது.”

“மெய்யாவோ சொல்லுறீர்?”

“ஐயா, நான் போன முறை ஏமாந்தவன். இந்த முறை கவனமா ஏமார்றன்.”

பைலட் ஐயா திரும்பவும் கேட்டார். திரும்பவும். “எனக்கும் ரெண்டுதான்,” என்றார். அந்தக் குரல் கடைசி எழுத்தை விடுகிற இடத்தில் வெட்டுப்படாமல், மெல்லிய நூல் போல நீண்டுபோய் ஓய்ந்தது. இரண்டு அப்பாவுடையது. எனக்குத் தெரியும், அவருடைய முகத்தைப் பார்த்தேன். கதிரையின் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தார். ஜன்னலைப் பார்த்தார், முன்னறைப் பக்கம் இருக்கிற ஜன்னலை.

அடுத்தது நாதஸ்வரமும் தவிலும்.

ஒன்றில் தவில் தவிலாக இருந்தது. அப்பா சுவிச்சை மாற்றினார். நாதஸ்வரம் எழுந்து நின்றது. அதற்குக் கீழே தவில் விழவில்லை, கரைந்தது. நனைந்த சாக்கில் அடித்தது போல. அடிகளுக்கு இடையில் ஓர் உறுமல். பாட்டு மெதுவாக இருந்தபோது மறைந்திருந்த உறுமல் இப்போது ஒவ்வோர் அடியோடும் எழுந்து வந்தது.

திரும்ப வைத்தார்கள். திரும்பவும் கரைந்தது.

பைலட் ஐயா ஊசியைத் தூக்கினார். விரிப்பை விலக்கவில்லை; தேவையிருக்கவில்லை. “என்ன தம்பி, அடிச்சத்தம் நிக்குதில்லை? ரெண்டு பாதியும் சமமில்லைப் போல. டிரான்ஸ்போமர் சுத்தேக்க ஆர் எண்ணினது?”

அறையில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதை இன்றுவரை நினைக்கிறேன், அவர் தப்பித் தவறியும் என் பக்கம் திரும்பவில்லை.

“நான்தான் ஐயா,” என்றார். “எனக்கு எண்ணிக்கை சரியா வராது.”

என் விரல்கள் கொப்பியின் மேல் இருந்தன. எழுந்து நின்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவளிடம் நல்ல சவர்க்காரத்தின் மணம் வந்தது. சொன்னால், எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். இவளோடு கடற்கரையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். நான் கொப்பியைக் கவிழ்த்து வைத்தேன்.

பைலட் ஐயா கெட்டவரில்லை. உண்மையாகவே வருந்தினார். “காது இருக்கு, கை இருக்கு. ஆனால் நாலெழுத்துத் தெரியாமல் இந்த வேலை ஏலாது தம்பி,” என்றார். அப்பா தலையாட்டினார். நானா மட்டும், “ஒருக்கா அவுத்துச் சுத்தினாச் சரிவரும்தானே, நான் கம்பிக்கு ஏதாவது...” என்று தொடங்கினார். தொடங்கினதை முடிக்கவில்லை. எப்படி முடிப்பார், அவிழ்த்தால் கம்பியின் பூச்சு உரிந்துவிடும், இன்னொரு சுருளோடு சாவடி தாண்ட அவரால் ஏலாது.

வரும் வழியில் சோதனைச் சாவடியில் சாக்கைத் திறக்கச் சொன்னார்கள். என்ன இது என்று கேட்ட சிப்பாய்க்கு, “பிழையாப்போன ரேடியோ,” என்றார் அப்பா.

வீட்டில் அம்மா சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். “படிச்ச பிள்ளையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டுச் செய்திருக்கலாமே. எல்லாம் தனக்குத் தெரியுமெண்ட எண்ணம்.” அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்தேன்.

அடுத்த மாதம் பாஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்னறைக்குக் கைத்தொலைபேசி திருத்துகிற ஒருவர் வந்தார். அப்பா இயந்திரம் தெரிந்தவர் என்று பெரிய படகொன்றில் எடுத்தார்கள். பதினாலு வருஷம் அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருந்தார். முதலில் குயில் கேட்கவில்லை என்றார். பிறகு கேத்தில் கொதிக்கிற சத்தம். வால்வ் மாற்றாததைக் கண்டுபிடித்த காது அது.

நான் இப்போது கட்டைபறிச்சான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நிலைமாற்றி, அதாவது டிரான்ஸ்போமர், என்ற பாடம் வரும். சுற்றுகளின் எண்ணிக்கை என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே கொஞ்ச நேரம் நிற்பேன். என் கையெழுத்து அழகானது. எல்லோரும் சொல்வார்கள்.

இதுவரை எழுதியபோது எனக்கு ஒன்று விளங்கியது. இதைப் படிக்கப் போகிறவர்கள் நீங்கள். படிக்க முடியாத ஒரே ஆள் அவர். எழுத்தால் சொல்ல ஏலாது. காதுக்குள் இரகசியமாகச் சொல்லவும் ஏலாது. அப்பாவிடம் எதைச் சொல்வதென்றாலும் ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா கொட்டிலில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். முன்னால் போய்க் குந்தினேன்.

“அப்பா. அந்த டிரான்ஸ்போமர்.”

“ஆ?”

“டிரான்ஸ்போமர். நான் எண்ணினது பிழை.”

“என்ன பிழை?”

மூச்சை இழுத்துக் கத்தினேன். “நான் எண்ணேல்லை. கடற்கரைக்குப் போயிட்டன். பத்தெண்டு பொய் சொன்னனான்.”

பக்கத்து வளவில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

அப்பா வலையை மடியிலேயே வைத்திருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் காலைப் பார்த்தார்.

“எட்டு,” என்றார். “நீ வரேக்க எட்டுத்தான்.”

“தெரியுமே உங்களுக்கு?”

“கால் எட்டெண்டுது. நீ பத்தெண்டு எழுதி வைச்சிருந்தாய். எழுதினது பிழையாகுமோ எண்டு நினைச்சன். தவில் கேக்கேக்கதான் தெரிஞ்சுது.” வலையின் ஒரு கண்ணை விரலால் விரித்துப் பார்த்தார். “அதுக்குள்ள அத்தினை பேர் இருந்தினம். பேத்திப் பிள்ளையும் இருந்தவ. உன்னை எப்பிடிச் சொல்லுறது?”

வலையின் தொங்கிய நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. “என்னண்ணை, பிள்ளை சத்தம் போடுறா? ஏதும் பிரச்சினையோ?”

காது கேட்காதவர்கள் தங்கள் குரலையும் அறிவதில்லை. அப்பா அவளுடைய வாயசைவைப் பார்த்து உரத்த குரலில் பதில் சொன்னார். “ஒண்டுமில்லை. எனக்குக் கணக்குச் சொல்லித்தாறா. எனக்குத்தான் ஏறுதில்லை.”

அவள் சிரித்துவிட்டுத் திரும்பப் போனாள். தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

நான் எழுந்து, சீலையில் ஒட்டிய மணலைத் தட்டாமலே வேலியடிக்குப் போனேன்.

“அக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ,” என்றேன். “அவர் சொன்னது பொய்.”